அண்ணியின் கரட் துருவி

காலை ஐந்தே முக்கால். கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் கண்டது, அலுமாரியின் மேல் துவாயில் பாதி சுற்றிக் கிடந்த ஒரு தகர உருளை. உடம்பு முழுக்க முள்ளு முள்ளாகப் புடைத்திருந்தது. பக்கத்தில் கைப்பிடி போட்ட கம்பிச் சீப்பு ஒன்று.

அன்று அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். கனடாவிலிருந்து அண்ணாவும் அண்ணியும் முந்தின இரவுதான் வந்திருந்தார்கள். செத்தவீட்டுக்கு அவர்களுக்கு விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை. அண்ணி மரிசோல் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர்.

"அண்ணி கொண்டந்த சாமான் போல. என்ன தம்பி இது?" என்றாள் அக்கா.

நான் பத்திரிகைக்காரன். இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எதையும் எழுதமாட்டேன். (அன்று ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.)

"கரட் துருவி," என்றேன். "வெளிநாட்டில எல்லாம் பெரிசாத்தான் செய்வாங்கள்."

சம்பலுக்கு ஒரு கூடை கரட் இருந்தது. உருளையை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தேய்த்தேன். கரட் கூழாகியது. இன்னும் பலமாக அழுத்தினேன். ஒட்டியதைக் கம்பிச் சீப்பால் வழித்தேன். "வழிக்கவும் ஒண்டு குடுத்திருக்கிறாங்கள், பாத்தியே?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமி நிமிர்ந்தார். "சம்பல் வருதோ இல்லையோ, தாளம் நல்லா வருது."

அந்தச் சத்தத்துக்குத்தான் அண்ணி எழும்பி வந்தார். என் மடியைப் பார்த்தார். பின்னால் வந்த அண்ணாதான் சொன்னான்.

"டேய், அது குவிரா. வாத்தியம். அவாட அப்பா வாசிச்சது. அவாட ஊரில இது இல்லாமல் ஆட்டமே இல்லை. எங்கட அப்பாவுக்கு வாசிக்கவெண்டு வழி முழுக்க மடியில வச்சுக் கொண்டந்தவா."

ஞாயிறுதோறும் அப்பா, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே குடியேறியபோது கொண்டுவந்த தப்புப் பறையை எடுத்துக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் உட்காருவார். ஃபோனில் சத்தம் பிந்தி வருவதால் அவரும் அண்ணியும் மாறிமாறித்தான் வாசிப்பார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி கிடையாது. "நம்ம ஆட்டமும் அவுக ஆட்டமும் ஒண்ணுதான்டா, இடுப்புதான் வேற," என்பார் அப்பா. திரையை ஒருநாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. குவிராவின் அந்தக் கரகரப்பை ஃபோனின் பழுதென்று நினைத்து, அப்பாவுக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தவன் நான்.

நான் அழுத்திய இடத்தில் தகடு குழிந்திருந்தது. அண்ணி கிணற்றடியில் குந்தி, பல் தூரிகையால் ஒவ்வொரு முள்ளாகக் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணி."

"மாமா சிரிக்கும்," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். பிறகு துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

சம்பலை யாரும் தொடவில்லை. இன்றைக்கும் வீட்டுக்குக் கரட் வந்தால், "பத்திரிகைக்காரனைக் கூப்பிடுங்கோ," என்கிறாள் அக்கா.

படையல் முடிந்ததும் அண்ணி அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று வாசித்தார். குழிந்த இடத்தில் கம்பி போகும்போது சத்தம் மங்கியது. அப்பா அடிக்க வேண்டிய இடம் வந்ததும் கையை நிறுத்தினார். காத்திருந்தார். பிறகு தொடர்ந்தார். ஒவ்வொரு முறையும் அப்படியே.

அந்த இடங்களில் ஏ9 வீதியில் போகும் பஸ்களின் சத்தம் கேட்டது.