றோஸிக்கு ஒரு புதுச் சட்டை

இயேசு மரி சூசை துணை

மில்லிக்கன், ஸ்காபரோ,
தை 19, திங்கட்கிழமை காலை.

என்றும் அன்புக்குரிய, ஆனால் ஆறு மாதமாய் எனக்கு ஒரு வரிகூட எழுதாத மைத்துனர் றெமிஜியஸ் அறிய, மச்சான் அமிர்தநாதர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது தங்கச்சி றோஸ்மேரியும் மாதாவின் காவலில் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே உமது முழங்கால் நோவும் உமது மனைவி ஜூலியின் பிரஷரும் குறைந்திருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் பெட்டிக்குள் மேலே கிடக்கும். இதை வாசித்து முடிக்கும்வரை கீழே உள்ள உள்பெட்டியில் கை வைக்கவேண்டாம். உமது கை எதையும் திறந்து பார்க்கிற கை. எங்கள் கலியாணத்துக்கு வந்த பரிசுகளை எங்களுக்கு முன்னமே பிரித்துப் பார்த்தவர் நீர். உள்ளே இரண்டு யோகட் டப்பா இருக்கும். பெரியதற்குள் இருப்பது ஊறுகாய் அல்ல. அது ஸ்டெபனியின் சிலந்தி, உயிரோடு.

எங்கள் ஒரே மகள் போன ஆவணியில் உங்கள் கல்கரிக்கு வேலைக்கு வந்தபோது இந்தப் பிராணியை விமானத்தில் ஏற்ற முடியவில்லை. அங்கே அறை வாடகைக்குக் கொடுத்த மனிசியும் எட்டுக் காலுக்கு இடமில்லை என்றுவிட்டாள். ஆகவே கண்ணாடிப் பெட்டியோடு எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். இது சுவர் மூலையில் வலை பின்னுகிற சிலந்தி இல்லை, மச்சான். டரன்டுலா. விரித்த உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் மயிர், நின்ற இடத்தில் மூன்று நாள் நிற்கும். கிறிக்கட்தான் தின்னும் என்றாள். நான் மட்டையால் அடிக்கிற கிறிக்கட்டை மட்டும் அறிந்தவன். கடைக்குப் போய்த்தான் அந்தப் பெயரில் ஒரு பூச்சியும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சாதிச் சிலந்திக்கு ரோஸ் என்று ஏதோ பெயராம், அதனால் செல்லமாய் றோஸி என்று வைத்திருக்கிறாள். தாயை நாங்கள் எல்லாரும் கூப்பிடுகிற பெயரும் அதுதான் என்பது பெயர் வைக்கும்போது நினைவுக்கு வரவில்லையாம். உமது தங்கச்சி இதை இன்னும் மன்னிக்கவில்லை.

கல்கரிக்குப் போன புதிதில் ஸ்டெபனி ஞாயிறு பூசை முடிய ஒருதரம் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, அங்கை குளிரோ, சரி வைக்கிறன். நாலு நிமிடம். கார்த்திகையில் இந்த றோஸி சாப்பாட்டை நிறுத்தினாள் பாரும், அன்றிலிருந்து காலையில் ஒருதரம், வேலை முடிய ஒருதரம். வீடியோவில் காட்ட வேணும், பக்கவாட்டில் காட்ட வேணும், தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று காட்ட வேணும். ஓய்வுபெற்ற மனிசனுக்கு வேறு அலுவல் கிடையாதா என்று நான் தினமும் றோஸ்மேரியிடம் முறைப்பாடு செய்கிறேன். போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுகிறேன் என்று அவள் சொன்னால் நம்பவேண்டாம். நான் இருக்கிற கதிரை போனுக்குக் கிட்ட இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் போன்களால் வந்த வினையைக் கேளும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறேன், பிள்ளை எடுக்கிறாள். எனக்குக் காது மந்தம் என்பதால் நான் கொஞ்சம் உரத்துத்தான் கதைப்பேன். "றோஸி மூண்டு கிழமையாச் சாப்பிடேல்லை, பிள்ளை. மூலைக்கை பேசாமல் இருக்கிறா. பின்பக்கத்து மயிரெல்லாம் கொட்டிப்போச்சு" என்று உள்ளதைச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் செபக்குழுத் தலைவர் லெஸ்லி. அன்று பின்னேரமே ஏழு பேர், இரண்டு பானை சூப்போடும் ஒரு நோயாளர் செபப் புத்தகத்தோடும் வாசலில். கதவைத் திறந்தது, இடுப்புவரை தலைமயிர் தொங்க, தோசை தின்றுகொண்டிருந்த உமது தங்கச்சி. வந்தவர்கள் அவளுடைய தலையைப் பார்க்கிறார்கள், பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். சூப் நல்ல ருசி. நான் மட்டும்தான் குடித்தேன்.

மார்கழி தொடங்க ஸ்டெபனிக்குத் தனி வீடு கிடைத்தது. றோஸியை இனி அனுப்புங்கோ என்றாள். நாங்கள் எதையும் எப்படி அனுப்புவோம்? போகிற ஆள் பார்த்துக் குடுத்துவிடுவோம். எங்கள் பங்குக் கோவில் எட்வேட் நத்தார்ப் பண்டிகைக்குக் கல்கரி போகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போய், பிள்ளைக்கு ஒரு சின்னப் பார்சல் இருக்கிறது என்றேன். மிளகாய்த்தூள்தானே, தாருங்கோ அண்ணை என்று கையை நீட்டினார். மனச்சாட்சிக்கு விரோதமாய் நடக்கக்கூடாது என்று உண்மையைச் சொன்னேன். நீட்டிய கையை அப்படியே காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். போன வருடம் இரண்டு கிலோ கருவாட்டை விமானம் முழுக்க மணக்க மணக்கக் கொண்டுபோன மனிசன், எனக்கு விமானச் சட்டம் படிப்பித்தார்.

ஆகவே பார்சல் சேவையில் அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. உயிருள்ளதை ஏற்றுகிற ஒரு கொம்பனியை ஸ்டெபனியே தேடிப் பிடித்தாள். ஆனால் உடனே அனுப்பக்கூடாதாம். நான் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அப்பா, அவ சட்டை மாத்தோணும். சட்டை மாத்தினாப் பிறகுதான் ஷிப் பண்ணலாம். இல்லாட்டில் செத்துப்போவா."

நீர் சிரிக்கமாட்டீர் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வெளியே மைனஸ் பதினெட்டு. பிரயாணம் போகிற ஒரு பெண் ஜென்மத்துக்குச் சட்டை வேண்டும் என்றால் நாங்கள் என்னவென்று விளங்குவோம்? அந்தப் பூச்சி இருக்கிற அறைக்குள் அதுவரை கால் வைக்காத றோஸ்மேரி, தையல் மெசினை எடுத்துத் துடைத்தாள். ஸ்டெபனியின் முதலாவது பிறந்தநாள் சட்டையில் மிஞ்சிய ரோசாநிறத் துணி ஒரு துண்டு இருபத்தாறு வருடமாய் அவளுடைய அலுமாரியில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு வெளியே அடிமட்டம் பிடித்து நான் அளவு எடுத்தேன். எட்டுக் கை வைப்பதா, கையில்லாச் சட்டையா என்று இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் கையில்லாமல், கழுத்துக்கு லேஸ் வைத்து, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தாராளமாய் விட்டுத் தைத்தாள். போடுவது யார் என்ற கேள்வி வந்தபோது இருவருமே பூசைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டோம்.

பூசையால் வந்து பார்த்தால் றோஸி மல்லாந்து கிடக்கிறாள். எட்டுக் காலும் மேலே. றோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு செபமாலையை எடுத்தாள். நான் மச்சான், போனை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தேன். பூச்சிக்காக இல்லை, பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான். சொன்னபிறகு அவள் எதற்காக எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டுதரம் எடுக்கப்போகிறாள் என்றும் நினைத்தேன், உண்மையைச் சொன்னால். எப்படியோ எடுத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. "தொடாதேங்கோ அப்பா, சட்டை மாத்துறா. போனை அப்பிடியே கண்ணாடிக்குப் பக்கத்திலை வையுங்கோ" என்றாள்.

வைத்தோம். இரண்டேகால் மணித்தியாலம் அவள் போனை வைக்கவில்லை. அங்கே அவள், இங்கே நாங்கள் இருவர், நடுவில் அந்தச் சீவன், மெல்ல மெல்லத் தன் பழைய தோலுக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாய் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பாம்பு கழற்றுமே, அந்தச் சட்டை! கழற்றிப் போட்டதும் எட்டுக் காலும் மயிருமாய் இன்னொரு சிலந்தி போலவே கிடந்தது. புதுசு எது, பழசு எது என்று அசைந்தால்தான் தெரியும். றோஸ்மேரி தைத்த சட்டையை நான் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்ட, பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவள் கனடாவின் மறு தொங்கலில் இருக்கிறாள் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அந்தப் பழைய தோலையும் எறியாமல் தனக்கு அனுப்பச் சொன்னாள். அம்மா தைத்த சட்டையும் வேண்டுமாம்.

புதுத் தோல் இறுகக் கொஞ்சக் காலம் பொறுத்தோம். இப்போது நாள் வந்துவிட்டது. அஜின்கோர்ட்டில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பெட்டி கட்டியவன் நான்; என் கையால் கட்டியது ஒன்று உடைந்ததென்று திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட எனக்குப் பெட்டி கட்ட என் மகள் பதினேழு மெசேஜில் படிப்பித்தாள். டப்பா மூடியில் ஊசியால் துளை போட வேணும். ஈரக் கடதாசியை, குலுங்காத அளவுக்கு, நசியாத அளவுக்கு அடைய வேணும். உள்பெட்டிக்குச் சுற்றிவர றெஜிபோம் நுரைத்தகடு. சூடு தருகிற பொட்டலத்தை மூடியில் ஒட்ட வேணும், டப்பாவில் முட்டக்கூடாது. சனி ஞாயிறு எங்கேயும் கிடந்து விறைக்காமல் திங்கட்கிழமைதான் அனுப்ப வேணும். எல்லாம் செய்தேன். ஒன்றே ஒன்று, நான் காரைச் சூடாக்கப் போன நேரம் உள்பெட்டியை உமது தங்கச்சியே மூடி ஒட்டிவிட்டாள். அந்த ஒட்டு கோணலாய் இருக்கும். அது என்னுடைய வேலை அல்ல என்பதை நீர் கவனத்தில் எடுக்கவேண்டும்.

நீர் செய்யவேண்டியது இதுதான். உங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போகாமல் பார்சல் கொம்பனியின் டெப்போவில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு மத்தியானத்துக்கு முன் போய் எடுக்கும்படி போனில் சொல்லிவிடுகிறேன். எடுத்ததும் காருக்குள்ளேயே இதை வாசித்துவிட்டு ஹீட்டரைப் போடும், பாட்டுப் போடவேண்டாம். யோகட் டப்பா என்று நினைத்து ஜூலி பிறிட்ஜுக்குள் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். வேலை முடிந்து ஸ்டெபனி வருவாள், அவள் கையில் கொடும். சின்ன டப்பாவில் தோலும் சட்டையும் இருக்கிறது, அதையும் கொடும். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டு, இல்லாவிட்டால் சாப்பிட வைத்து அனுப்பும்.

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. இனி வீடு நிம்மதியாய் இருக்கும், போன் அடிக்காது, கிறிக்கட் கத்தாது. அந்தோனியார் உம்மையும் ஜூலியையும் பனியில் வழுக்காமல் காப்பாராக. மற்றவை உமது பதில் கண்டு.

இப்படிக்கு,
உமது அன்பு மச்சான்
அமிர்தநாதர்

பி.கு: இதைக் காருக்குள் இருந்து, ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்துப் பிளாசாவின் தரிப்பிடத்தில் எழுதுகிறன். பெட்டியைத் தூக்கின உடனேயே கை சொல்லிப்போட்டுது, பாரம் பிழை எண்டு. சிலந்தி இவ்வளவு பாரமில்லை. கத்தியை எடுத்து அந்தக் கோணல் ஒட்டை வெட்டித் திறந்தன். சின்ன டப்பாவுக்குள்ளை தோலும் சட்டையும் சரி. பெரிய டப்பாவுக்குள்ளை, ஈரக் கடதாசி சுத்தி, ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய். மேலே ஊறுகாய் அல்ல எண்டு எழுதினதுக்கு மன்னிக்கவும். ஊறுகாய்தான்.

திரும்பிப் பார்த்தன். உமது தங்கச்சி முன் சீற்றிலை, கோட்டுக்குள்ளை இரண்டு கையையும் வைச்சுக்கொண்டு நேராக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கோட்டு வயித்துப் பக்கம் ஒரு டப்பா அளவுக்குத் தள்ளி நிக்குது. அவளாத்தான் சொன்னவள்: "இந்தக் குளிருக்கை அனுப்பேலாது. வேணுமெண்டால் ஈஸ்ரருக்கு அவள் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்." நான் ஹீட்டரைக் கூட்டிவிட்டன்.

பெட்டியைத் திருப்பி என் கையாலை ஒட்டி, உயிருள்ளது எண்ட லேபலைக் கிழிச்சுப்போட்டு அனுப்புறன். இப்பதான் பிள்ளை எடுத்தவள், அனுப்பியாச்சோ எண்டு. ஓம், சட்டை வருகுது எண்டு சொன்னன். பொய்யில்லைத்தானே? நீர் ஒண்டும் சொல்லாதேயும், ஊறுகாயிலை கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளிட்டைக் குடும். திறந்து பார்த்த உடனே கோவத்தோடை எங்களுக்குத்தான் எடுப்பாள். போனைச் சார்ஜிலை போட்டிருக்கிறன்.