உங்கள் அக்காவுக்கு மூன்று செட் பிரேக் பேட்

பாசிர் கூடாங்,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஹேமநாதன் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் அக்கா செல்வராணியும் முருகன் அருளால் உடல் நலமே. உள்ளமும் நலம் என்று எழுதப்போன கையை நிறுத்திக்கொண்டேன். சிகாமட்டில் மழை விட்டதா, ஆறு தன் எல்லைக்குள் இருக்கிறதா, மாடிக்கு ஏற்றிய சாமான்களை இறக்கிவிட்டீர்களா என்று அறிய ஆவல். தங்கள் துணைவியார் பிரேமலாவின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

நிற்க. இந்தச் சொல்லை எழுதும்போதே என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடுகிறது மச்சான். நிற்பது எவ்வளவு கடினமான காரியம் என்று இந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டவன் நான்.

அக்கா தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். பிரிவு விருந்தில் மற்றவர்களுக்கெல்லாம் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இவளுக்கு மட்டும் கூட வேலை செய்த பெண்கள் ஓர் உறையை நீட்டினார்கள். உள்ளே, பந்தயத் தளத்தில் சொந்தக் காரை ஒரு காலை முழுக்க ஓட்டிப் பார்க்க, புதியவர்களுக்கான சீட்டு. போட்டியெல்லாம் கிடையாதாம், பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாராம். நான் கேலி என்றுதான் நினைத்தேன். முப்பது வருடமாக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்விரிப்பை ஓட்டை போட்டவளுக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? ஆனால் அவள், "நான் போறேங்க. இவ்வளவு நாளும் உங்க பிரேக்கை நம்பித்தானே உக்காந்திருந்தேன், ஒருநாள் என் கால்ல இருக்கட்டுமே" என்றாள். அப்போதே நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

சரி, போவது போகட்டும், பத்திரமாகப் போகட்டும் என்று பிரேக் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நான் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன். அந்தரத்தில் தொங்கும் கொள்கலனை ஆடாமல் நிறுத்தியவனுக்கு ஒரு சின்னக் கார் எம்மாத்திரம்? இருந்தாலும் மரியாதைக்கு ஒர்க்‌ஷாப் மணியத்திடம், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் எதைப் போடலாம் என்று கேட்டேன். அவன், "அண்ணே, சாதா பேட் ரோட்டுக்கு நல்லா இருக்கும், தளத்திலே அந்தச் சூடு தாங்காது. ரேஸ் பேட் சூடு தாங்கும், ஆனா சூடானாத்தான் பிடிக்கும், காலையிலே எடுத்தா வழுக்கும். ரெண்டுக்கும் நடுவுலே ஒண்ணு இருக்கு, அதைப் போடலாம் லா" என்றான். நடுவில் என்றால் அரைகுறை என்றுதானே அர்த்தம்? இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துகிற பேட், இருபதில் பத்து மடங்கு நன்றாக நிறுத்தும் என்று நான் கணக்குப் போட்டேன். கைபேசியிலேயே அசல் ரேஸ் பேட் வரவழைத்து, மணியத்துக்குத் தெரியாமல் வேறு கடையில் மாட்டினேன்.

முதல் வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். அது எழுப்பிய கீச்சொலியில் உள்ளே நாதஸ்வரம் நின்றுவிட்டது. வாசித்துக்கொண்டிருந்தவர் வெளியே எட்டிப் பார்த்து, "வேற செட்டும் கூப்பிட்டிருக்கீங்களா?" என்று கோயில் தலைவரிடம் கோபித்துக்கொண்டார். அதையாவது பொறுக்கலாம். மறுநாள் காலை எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டு சுப்ஹான் பாய் வீட்டில் கந்தூரி விருந்து. பந்தல் சாலையில் பாதியை அடைத்திருந்தது. நான் மெதுவாகத்தான் வந்தேன், சத்தியமாக. பிரேக்கை மிதித்தேன். கார் யோசித்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். அது மறுபடியும் யோசித்துக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்து, பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் பிரியாணிச் சட்டிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. நல்லவேளையாக நாற்காலிகளில் யாரும் இல்லை. பாய் ஓடிவந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "சதாசிவம் அண்ணே, உக்கார நாற்காலி வேணும்னா கேட்டிருக்கலாமே!" என்றார். நான்கு வீடு தள்ளிவரை சிரித்தார்கள்.

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். மணியத்திடம் திரும்பிப் போக வெட்கம். ரேஸ் பேடைக் கழற்றி எறிந்துவிட்டு, இருப்பதிலேயே சாதாரணமான பேட் ஒன்றை மாட்டினேன். செல்வராணியிடம் சொல்லவில்லை. சாலையில் பூப்போல நின்றது. எனக்கும் நிம்மதி. அப்படியே தளத்துக்கும் அனுப்பிவிட்டேன் மச்சான்.

அன்று காலை நான் பிளாஸ்க்கோடு பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று சுற்று அழகாகத்தான் போனாள். நான்காவது சுற்றில் தீய்ந்த வாடை என் மூக்குக்கே வந்தது. ஐந்தாவதில், நீண்ட நேர்சாலையின் முடிவில் எல்லாக் கார்களும் திரும்பின, நம் கார் மட்டும் திரும்பாமல் நேராகப் புல்வெளிக்குள் போய்ச் சரளைக் கல்லில் புதைந்து நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகை. நான் வேலியோரமாக ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. காவலர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு என்ன ஆனது என்று கடிதத்தில் எழுத முடியாது.

ஆளுக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரை இழுத்து வந்ததும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் வாசுகி என்ற பெண், என் மகள் வயதுதான் இருக்கும், சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி மேல தப்பில்லை. பெடல் மெத்துன்னு உள்ள போயிருக்கும். இந்தப் பேடை யாரு போட்டது?" என்று கேட்டாள். நான் பிளாஸ்க்கைத் திறந்து மூடினேன். பிறகு, "நான்தாம்மா" என்றேன். ரேஸ் பேட் கதையிலிருந்து எல்லாவற்றையும் அங்கேயே கக்கினேன். செல்வராணி கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "இருபத்தெட்டு வருஷமா கெட்ட சாமானை யாரு பாஸ் பண்ணி விட்டாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதாங்க என் வேலை. வீட்டுக்குள்ளயே ஒரு ஆளு இருக்காருன்னு தெரியாமப் போச்சே" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவளே மணியத்திடம் போனாள். ஒரு மணி நேரம் கேள்வி. காலையில் பிடிக்குமா, மழையில் பிடிக்குமா, எத்தனை சூடுவரை தாங்கும், சத்தம் வருமா, தூசி படியுமா. கடைசியில் அவன் முதல் நாள் சொன்ன அதே நடுத்தரப் பேட்தான். பிரேக் எண்ணெயும் பழையதாகிவிட்டது என்று புதிதாக ஊற்றினார்கள். புதுப் பேடைப் பழக்க வேண்டுமாம். எண்பதில் போய், நிறுத்தாமல் இருபதுக்குக் கொண்டுவர வேண்டும், பத்துத் தடவை, பிறகு மிதிக்காமல் ஓட்டி ஆறவிட வேண்டும். தொழிற்பேட்டைச் சாலை ஞாயிறன்று காலியாக இருக்கும் என்று அவள் ஓட்ட அங்கே போனோம். நான் விவரம் தெரியாமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். நான்காவது தடவையில் அதிலிருந்த சிவப்புச் சம்பால் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில். ஏழாவதில் போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்து எங்களை ஓரங்கட்டியது. அந்த இளைஞர் என் சட்டையைப் பார்த்துப் பதறி, "பாக்சிக், லூகா கா?" என்று மலாயில் அடிபட்டதா எனக் கேட்டுக் காயத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். செல்வராணி, "சம்பால், என்சிக்" என்று ஐயா போட்டுச் சொன்னாள். அவர் முகர்ந்து பார்த்துத்தான் நம்பினார்.

நேற்று சொந்தக் காசில் மறுபடியும் தளத்துக்குப் போனாள். இருபது நிமிடம். ஒவ்வொரு வளைவிலும் சொன்ன இடத்தில் வேகம் குறைந்தது. இறங்கியபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அதுதான் ஆபத்து மச்சான். இனி மாதாமாதம் போகப்போகிறாளாம். என்னால் ஒவ்வொரு மாதமும் வேலியோரம் ஓட முடியாது. என் பேச்சுக்கு இந்த வீட்டில் இப்போது மதிப்பில்லை. நீங்கள் அவள் கையில் வளர்ந்த ஒரே தம்பி, நிதானமானவர். வருகிற சனிக்கிழமை வந்து நாலு வார்த்தை எடுத்துச் சொல்லித் தடுத்துவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பம் வெள்ளம், வியாதி, வீண்வம்பு மூன்றும் அண்டாமல் நீடூழி வாழ எல்லாம்வல்ல முருகனை வேண்டும்,

அன்பு அத்தான்,
சதாசிவம்.

பி.கு.: உறை ஒட்டப் பசை கேட்டபோது உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு தளத்தின் அடுத்த மாதத்துப் பெயர்ப் பட்டியலைக் கைபேசியில் காட்டினாள். முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது உன்னுடையது. நீயே போன் போட்டுக் கெஞ்சினாயாமே, ஹேமா? நிதானமானவர் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. "பயமா இருந்தா வேணாங்க" என்றாள். என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? என் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன். ஆகையால் யாரையும் தடுக்க வர வேண்டாம், ஓட்ட வந்தால் போதும். உன் காருக்கு என்ன பேட் என்று மட்டும் என்னிடம் கேட்காதே.