உருளைக்கிழங்குக்குப் பிடித்த தோஷம்

காலை ஏழு மணிக்கே நீலஜோதியார் வீட்டு வாசலில் நாற்பது பேர். சொறி, சிரங்கு, படர்தாமரை, தேமல், முகப்பரு என்று தோலில் வரக்கூடிய அத்தனையும் வரிசை கட்டி நின்றன. ஜோதியாருக்கு எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணேறு. டாக்டருக்குப் படித்தவர்கள்தான் பாவம், தேமல் எது, படை எது என்று கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜோதியாரின் வைத்தியம் இப்படி: வாசலில் ஒரு அண்டா நிறையத் தீர்த்தம். அதில் கையை முக்கித் துடைக்காமல் காயவிட வேண்டும். கழுத்திலிருந்து கால்வரை கறுப்புப் போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும். பத்துப் பத்துப் பேராக இருட்டறைக்குள் போனால், அவர் ஊதா விளக்கு ஒன்றைக் கைமேல் பிடிப்பார். கை நீலமாக ஜொலிக்கும்.

"பாத்தியா? கண்ணேறு தோல்ல நின்னு எரியுது!" என்று உதடு பிரியாமல் முனகுவார்.

அலறாதவர் கிடையாது. சில வாரம் கழித்து உள்ளே இருக்கும் வேறொரு அண்டாவில் கையைக் கழுவச் சொல்வார். ஜொலிப்பு போய்விடும். அரிப்பா? அது அப்படியேதான் இருக்கும். "தோஷம் போச்சு. இது அதோட நெழல்" என்பார். நிழல் எப்படி அரிக்கும் என்று எவனும் யோசிக்கவில்லை!

அன்று வரிசையில் கறை அக்காவும் நின்றாள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. பதினெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளில் கறை தேடியதில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. வந்தது தங்கைக்காக.

தங்கையின் இரண்டு கையிலும் விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்து நீர் கசிந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அவளுக்கு நாலு மாதத்தில் ஒரு மகன். "நாப்பது நாள் பிள்ளையத் தொடாதே, தொட்டா அதுக்கும் பத்திக்கும்" என்று ஜோதியார் சொல்லிவிட்டார். அன்றே மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார். அது பக்கத்து அறையில் வீறிட்டு அழும். இவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுவாள். இரண்டு வாரமாக இதே கதை. கறை அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

முந்தின நாள்தான் தங்கையைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போயிருந்தாள். அந்த அம்மாள் விளக்கு எதையும் பிடிக்காமல் கேள்வி கேட்டார். "எப்பலேர்ந்து? துணி எதுல தொவைக்கிறே?" குழந்தைத் துணியெல்லாம் சோப்புத்தூளில், வெறுங்கையால், ஒரு நாளைக்கு நாலு தடவை. டாக்டர் தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை இல்லை.

"கரப்பான். சோப்புத்தூள் ஒத்துக்கல. இது யாருக்கும் ஒட்டாது, பிள்ளையத் தாராளமாத் தூக்கு. களிம்பு தர்றேன், கை காயவிடாம எண்ணெய்ப்பசை இருக்கட்டும். துவைக்கறப்ப கையுறை போட்டுக்கோ."

வீட்டில் மாமியார் உதட்டைப் பிதுக்கினார். "டாக்டருக்குக் கண்ணேறு தெரியுமா? ஜோதியார் வாயால சொல்லட்டும், தர்றேன்."

அதனால்தான் அக்கா, தங்கை, மாமியார் மூவரும் வரிசைக்கு வந்திருந்தார்கள். தங்கையின் புருஷன் குழந்தையோடு வெளியே மரத்தடியில் நின்றான்.

கறை அக்கா அண்டாவில் விரலை விட்டாள். வழவழவென்றிருந்தது. முகர்ந்தாள். பதினெட்டு வருஷமாக முகர்ந்த சோப்புத்தூள் வாசனையாயிற்றே! சலவைக்கூடத்தில் அவளிடமும் ஓர் ஊதா விளக்கு உண்டு. சோப்புத்தூளில் வெளுத்த துணி அதில் நீலமாக எரியும், கறை மட்டும் இருட்டாகத் தெரியும். உடுத்திய துணியும் ஜொலித்துக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தானா கறுப்புப் போர்வை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. எது ஆகாதோ அதிலேயே தங்கையின் புண் கையை முக்க வைத்திருக்கிறான்.

கையை நன்றாகக் கழுவிவரத் தங்கையைக் குழாயடிக்கு அனுப்பினாள். வரும் வழியில் மாமியார் வாங்கிய காய்கறிப் பையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அண்டாவில் முக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

இருட்டறையில் விளக்கு தங்கையின் கைமேல் வந்தது. ஜொலிப்பு இல்லை. ஜோதியார் விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"தீர்த்தத்துல முக்கலையா?"

"குழாயில கழுவிட்டா. ஏன் சாமி, நாப்பது நாள் தோஷம் குழாய்த் தண்ணிக்கே போயிடுமா?" என்றபடி கறை அக்கா உருளைக்கிழங்கை நீட்டினாள். அது நீலமாக எரிந்தது. "இதுக்கு யாரு கண்ணு வெச்சது?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "வெளிய போ!" என்று ஜோதியார் கத்தினார். பாவம், இருட்டறையில் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் முனகியே பேசி வந்தவர். அந்த விளக்கில் எவர் பல்லும் ஜொலிக்கும்; திறந்த வாயில் பல் வரிசை பளபளவென்று நீலமாக மின்னியது.

"ஐயோ, சாமி வாயிலயே தோஷம்!" என்று ஒருவர் அலற, கறை அக்கா மாமியாரின் போர்வையை உருவினாள். உள்ளே வெளுத்த வெள்ளை ரவிக்கை தகதகத்தது. "அத்தை, உங்களுக்கு உடம்பு பூரா புடிச்சிருக்கு! நீங்க பிள்ளையத் தொடலாமா?"

மாமியார் தன் ரவிக்கையைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார். ஒருவர் ஜன்னல் திரையை இழுத்தார். மேசைக்கடியில் சோப்புத்தூள் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. ஜோதியாரைக் காணவில்லை, பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்த மாமியார் மகனிடமிருந்து குழந்தையை வாங்கித் தங்கையிடம் நீட்டினார். "நீயே வெச்சுக்கோ. கனம் கூடிட்டான், எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு." மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. தங்கைக்கு அது தேவைப்படவும் இல்லை. பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

வரிசையில் இன்னும் முப்பது பேர். ஒருவர் கறை அக்காவிடம் வந்தார். "ஏம்மா, சாமி திரும்ப எப்ப வருவாரு?"

அவள் உருளைக்கிழங்கை அவர் கையில் வைத்தாள். "இதையே கேளுங்க."

அண்டாவில் முக்கியபோது கிழங்கு "ஏன்?" என்று கேட்கவில்லை. அதற்கு வாயில்லை, விட்டுவிடலாம். வாயிருந்தும் கையை நீட்டிய நாற்பது பேருக்கு என்ன சாக்கு?