லிஃப்ட் நின்ற கதையில் ஏழு குறைகள்

பெர்கன்,
ஜூன் மாதம், திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த குன்வோர் சித்திக்கு,

உங்கள் அக்கா மகன் எய்வின் எழுதுவது. இங்கே நான் நலம், மழையும் நலம். நீங்களும் உங்கள் ரோஜாச் செடிகளும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மாக்னே சித்தப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. நேற்று அவரைப் படகுக் கொட்டகையிலேயே போய்ப் பார்த்தேன். மீன்வலை மேல் படுத்துப் படுத்து முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் காகிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீளம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். லிஃப்ட் ஆய்வாளனாக நான் எழுதும் அறிக்கைகள் பதினெட்டுப் பக்கம் போகின்றன என்று எங்கள் மேலாளர் யோஸ்டெய்னுக்கு வருத்தம். "டேய், நீ எழுதினதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த லிஃப்டே துருப்பிடிச்சுப் போயிடும்டா. சுருக்கமா எழுதக் கத்துக்கோ" என்று சொல்லி, இணையத்தில் 'புதன் நூறு' என்ற குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். புதன்கிழமை ஒரு படம் போடுவார்கள். அதற்கு நூறே சொல்லில் கதை எழுத வேண்டும். போட்டி என்று பெயர், பரிசு கிடையாது. எழுதுகிறவர்கள் எல்லாரும் புனைபெயரில் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேர் கதைக்காவது கருத்து எழுதியாக வேண்டும். கதைக்கு அடியில் 'குறை சொல்லலாம்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் எல்லாரும் டிக் போடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'பரிசு வேண்டாம்' என்று போடுவதுபோல அதுவும் ஒரு மரியாதைக்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். டிக் போட்டால் போட்டதுதானே? நான் வேலை செய்யும் இடத்தில் அப்படித்தான்.

மூன்று வாரம் முன்னால் படம், கம்பிக்கதவு வைத்த பழைய லிஃப்ட். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்கு 'ஈரக் கையுறை' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: துறைமுகக் கிடங்குக் கட்டடம், இலையுதிர்காலம், சொட்டும் குடையோடு ஒரு பெண் பொத்தான்களுக்கு முதுகு காட்டி நிற்கிறாள், எதிரே முன்பின் தெரியாத ஒருவன், மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. அவன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, அலாரம் வேலை செய்யவில்லை என்கிறான். இரண்டு மணிநேரம். தன் மதிய ரொட்டிப் பொட்டலத்தில் பாதியைக் கொடுக்கிறான், பழுப்புச் சீஸ் வைத்தது. கடைசி வரி: 'அதற்குப் பிறகு நாற்பது வருடம் அவன் பேச்சை நான் சந்தேகித்ததே இல்லை.'

எல்லாரும் கீழே "அருமை", "கண்ணீர் வந்துவிட்டது", "அன்பான அணைப்பு" என்று எழுதியிருந்தார்கள். நான் ஏழு குறை எழுதினேன். குறை மூன்று: பொத்தான்களுக்கு முதுகு காட்டி நிற்பது இயல்பல்ல, ஏறியவள் மாடி எண்ணை எப்படி அழுத்தினாள்? குறை ஐந்து: இந்த நாட்டில் எவனும் தெரியாத ஆளுக்குத் தன் ரொட்டிப் பொட்டலத்தில் பாதி கொடுப்பதில்லை. குறை ஏழு, மிகக் கடுமையானது: அந்த மாதிரி லிஃப்டில் அலாரத்துக்குத் தனி பேட்டரி உண்டு, மாதாமாதம் சோதிப்பார்கள். ஆகவே அலாரம் ஒலித்திருக்கும். ஒலிக்கவில்லை என்றால் அவன் அழுத்தவே இல்லை, சும்மா கையை நீட்டியிருக்கிறான். ஆள் பொய்யன். சரிசெய்யும்வரை பயன்பாட்டை நிறுத்தவும்.

ஈரக் கையுறை நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் சித்தி? நீங்களும் சித்தப்பாவும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று இருபத்தேழு வருடத்தில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை, அது வேறு விஷயம். மறுநாள் கீழே அறுபத்து மூன்று கருத்து. பாதிப் பேர் "பாவம், காதல்தானே" என்கிறார்கள், மீதிப் பேர் "ஏமாத்துக்காரன், பொட்டலத்தோட பிளான் பண்ணியே வந்திருக்கான்" என்கிறார்கள். அப்புறம் நேற்றுக் காலை அம்மா போன்.

"பேட்டரின்னு பார்த்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. என்னடா எழுதித் தொலைச்சே? குன்வோர் அவர்கிட்ட, 'அழுத்தினீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு கேட்டிருக்கா. மனுஷன் வாயைத் திறக்கலையாம். தலையணையோட வெளியே அனுப்பிட்டா! சனிக்கிழமை நாற்பதாவது கல்யாண நாள், அறுபது பேரைக் கூப்பிட்டிருக்கு. நான் மூணு பாதாம் கேக் செஞ்சு வெச்சிருக்கேன், அதை என்னடா பண்றது?"

"உறைய வைக்கலாம்மா."

"உன்னைத்தான்டா உறைய வைக்கணும். நீயே போய்ச் சரிபண்ணு."

அதனால்தான் கொட்டகைக்குப் போனேன். பழைய விபத்துக் குறிப்பெல்லாம் எங்கள் அலுவலக அடித்தளத்தில் இருக்கிறது, தேடி எடுத்து அலாரம் பழுதுதான் என்று நிரூபித்துவிடுகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். மனிதர் துள்ளி எழுந்துவிட்டார், அந்த முதுகோடு.

"டேய், அந்தப் பக்கமே போகாதே. பழைய காகிதத்தைக் கிளறாதே."

"அப்போ நீங்க அழுத்தலையா சித்தப்பா?"

"அழுத்தலைன்னே வெச்சுக்கோ. அவ என்னைத் திட்டட்டும், எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. இந்த வலை வேற பிரிக்கணும், நீ கிளம்பு."

வயதானவர், பயந்துபோயிருக்கிறார். நான் சொல்ல வந்தது இதுதான். பெர்கன் ஈரத்தில் அந்தக் காலத்துப் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். ஆகவே அலாரம் வேலை செய்யாமல் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குறை ஏழைத் திரும்பப் பெறுகிறேன். குறை ஐந்தையும். சித்தப்பா சொன்னது உண்மை, அவரை உள்ளே கூப்பிடுங்கள், சனிக்கிழமை விருந்து நடக்கட்டும். இனி யார் கதைக்கும் நான் குறை எழுத மாட்டேன். "அருமை" என்று மட்டும் எழுதுவேன், எதுவாக இருந்தாலும். குழுவுக்கும் சொல்லிவிட்டேன், நாலு அணைப்பு வந்தது.

உங்கள் கைக்கும் முழங்காலுக்கும் நல்ல ஆரோக்கியமும், வீட்டுக்கு அமைதியும், ரோஜாக்களுக்கு வெயிலும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் எய்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று அடித்தளத்துக்குப் போய் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன். மேலே எழுதியதெல்லாம் தப்பு. அலாரம் நல்ல நிலை. பேட்டரி புதிது. கயிறு, மோட்டார், கதவு எதிலும் பழுதில்லை. உள்ளே இருந்த சிவப்பு நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. காவலாளி அதை இழுத்துவிட்டதும் லிஃப்ட் ஓடிவிட்டது. 'குடை பட்டிருக்கலாம்' என்று பெண் பயணி சொன்னதாக எழுதியிருக்கிறது. அந்தப் பொத்தான் குடைக்கெல்லாம் அசையாது சித்தி. கட்டைவிரலை வைத்து நன்றாக அமுக்க வேண்டும். பொத்தான்களுக்கு முதுகு காட்டி நிற்பது இயல்பல்ல என்ற குறை மூன்றைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கீழே இரண்டு பயணிகளின் கையெழுத்தும் இருக்கிறது. அலாரத்துக்காக உங்கள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டியவர், அதன் பக்கத்திலேயே இருக்கும் சிவப்புப் பொத்தானைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தார், அலாரம் பழுது என்றார், ரொட்டியை எடுத்தார். நாற்பது வருடம் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த நீங்கள் எதற்காக அவர்மேல் கோபப்பட்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை, அது என் துறையும் இல்லை. அந்தக் குறிப்புக்கு நகல் கிடையாது; மூலத்தையே இதோடு வைத்திருக்கிறேன், அடுப்பு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வு முடிவு: தொடர்ந்து பயன்படுத்தலாம்.