முழங்கை உயரம்

கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போதுதான் வீரபத்திரனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி அந்த வாரமே போய்விட்டது. வீரபத்திரன்தான் அதைப் போக விடவில்லை.

அருப்புக்கோட்டை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "இடுப்பை வளைச்சுப் பாரம் தூக்காதீங்க. முழங்காலை மடக்கி உட்காந்து, சாமானை நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்க." பஸ் பந்தல்குடி வந்து சேர்வதற்குள் அது தேய்ந்து தேய்ந்து இரண்டே சொல்லாகிவிட்டது.

"குனியக் கூடாதாம்," என்றான் மனைவி செல்லக்கிளியிடம்.

எவ்வளவு அருமையான சொல்! பெருக்குவது, பாத்திரம் விளக்குவது, ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பது என்று வீட்டு வேலை முழுக்கத் தரையோடு தரையாகத்தானே கிடக்கிறது? செல்லக்கிளி விடிந்ததும் வேன் பிடித்துத் தையல் கம்பெனிக்கு ஓடுகிறவள். அவனுடைய செல்போன் கடை வெயில் ஏறிய பிறகுதான் திறக்கும். நடுவில் உள்ள காலைப்பொழுதுதான் அவன் சொத்து. டீக்கடை பெஞ்சு, தூத்துக்குடி லாரிக்காரர்கள், உலக நியாயம். அந்தச் சொத்துக்குக் காவலாக 'குனியக் கூடாது' என்ற வேலியைப் போட்டான்.

"ஆமா மாமா, நீங்க குனியவே வேணாம்," என்றாள் செல்லக்கிளி, இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்தபடி. எல்லா வேலையும் குனிந்தே முடித்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் இஞ்சு டேப்போடு வந்து நின்றாள்.

"நேரா நில்லுங்க. கையை மடக்குங்க."

தீபாவளிச் சட்டை என்று அவனுக்குப் பூரிப்பு. அவள் முழங்கையிலிருந்து தரை வரை அளந்தாள்.

"ஏ புள்ள, சட்டைக்கு எதுக்குத் தரை வரைக்கும்?"

"பேசாம நில்லுங்க. அளவு தப்பிரும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் கடையை அடைத்துவிட்டு வந்தபோது, டீக்கடைக் கூட்டாளி கொத்தனார் ராஜகுரு கொல்லைப்புறத்தில் சிமெண்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏலே, நீ இங்க என்ன பண்ணுற?"

"தங்கச்சி கூப்புட்டுச்சு. ஒன் இடுப்பக் காப்பாத்துறேன்லே!"

பாத்திரம் விளக்கும் தொட்டி தரையை விட்டு எழும்பி, அவன் முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடையாக நின்றது. விளக்குமாறு நீளமான பைப்பில் ஏறியிருந்தது. ஆட்டுத் தொட்டிக்கு நின்றபடி திறக்கிற குழாய்.

"எங்க கம்பெனில கழுத்து வலிக்குதுன்னு புள்ளைக அழுதாளுக மாமா. மேசைய ஒசத்தினாக. வலி போயிருச்சு. இனி நம்ம வீட்டுலயும் குனியுற வேலையே கெடையாது."

வீரபத்திரன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ரொம்ப நேரம் நிக்கவும் கூடாதுல்ல?"

"அதுக்குத்தான் இந்தச் செங்கல்லு. ஒவ்வொரு காலா மாத்தி மாத்தி வச்சுக்கங்க. அலுப்புத் தெரியாது."

"சரி, இத்தன வசதி இருக்கு. நீயே செய்யலாமே?"

"எனக்கு எட்டாதே மாமா! எல்லாம் ஒங்க ஒசரத்துக்குல்ல கட்டிருக்கு? கையத் தூக்கிக்கிட்டே வேலை பாத்தா தோள்பட்டை போயிரும்னு கம்பெனில படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காக."

ராஜகுரு இருமுவது போலச் சிரித்தான்.

மறுநாள் காலை வீரபத்திரன் செங்கல்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு பாத்திரம் விளக்கினான். குறை கண்டுபிடித்தே தீருவது என்று தேடினான். தோள் இறங்கவில்லை, முதுகு வளையவில்லை, இடுப்பு முனகவில்லை. கம்பெனி கம்பெனியாகக் கூப்பிட்டு இவளுக்கு மாலை போடலாமே என்று, கரிச்சட்டியைத் தேய்த்தபடியே வியந்தான். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. செல்லக்கிளி இடுப்பில் கை வைக்காமல் படியிறங்கிப் போனாள். அந்த நடையைப் பார்த்தபோது அவனுக்கு லேசாக வெட்கம்கூட வந்தது.

ஆனாலும் டீக்கடை டீக்கடைதானே? அங்கே டீ ஆற்றுகிற சத்தம் அவன் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. வாரம் முடிவதற்குள் ஆள் உடைந்துவிட்டான்.

"கிளி, உண்மையச் சொல்லிர்றேன். இடுப்பு எப்பவோ சரியாப் போச்சு. தெரியாமச் சொல்லிட்டேன். காலையில மட்டும் விட்டுரு. வேணும்னா ஒன் கால்லயே விழுறேன்."

செல்லக்கிளி பதறிப்போய் அவன் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஐயய்யோ, வேணாம் மாமா! நீங்க குனியக் கூடாது!"