அண்ணாந்த நானா விழுந்த இடங்கள்

புத்தளம் மாவட்டத்தில் அண்ணாந்த நானா விழாத குழி, கிடங்கு கிடையாது. தில்லையடியிலிருந்து மாம்புரி வரை வீதியோரத்து எல்லாச் சாக்கடைக் கானும் ஒருமுறையாவது அவரை உள்ளே வாங்கியிருக்கிறது.

மரத்தில் நிற்கும்போதே தேங்காய்க்கு விலை பேசும் யாவாரி அவர். தோட்டத்துக்குள் நுழைந்தால் தலை பின்னால் சாயும். வீதிக்கு வந்த பிறகும் இறங்காது. அவருடைய முகத்தைவிடத் தொண்டையைத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் படுத்திருந்த மாட்டில் இடறி, "மன்னிச்சிருங்க முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் அவர் அடிக்கடி விழத் தொடங்கியபோது யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. தேத்தண்ணிக் கோப்பை கைநழுவியது. சட்டைப் பொத்தான் துவாரத்தைத் தேடி அலைந்தது.

"கீழ பாருங்க நானா, இஞ்ச வடைதான் காய்க்கும்" என்பார் தேத்தண்ணிக் கடைக்காரர். நானாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் தொழுகைக்கு எழும்பியவர் அறையின் நடுவில் விழுந்தார். அவருடைய மனைவிக்கு அப்போதுதான் பொறிதட்டியது.

"ரோட்டுல விழுந்தீங்க, சரி. வூட்டுக்குள்ள என்ன மரமா இரிக்கி?"

டாக்டரிடம் நானும் துணைக்குப் போனேன். அவர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்ட, கால் மேசையை உதைத்தது. விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார். அவை பிந்திக்கொண்டே வந்தன. கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்.

"விழுறது கால், டாக்டர். படம் கழுத்துக்கா?"

"காலுக்குப் போற நரம்புத் தண்டு கழுத்துக்குள்ளாலதான் வருது. அங்க நெரிபடுதா எண்டு பார்க்கணும்."

நானா எழுந்துவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"குருத்துல வண்டு விழுந்தா, அடியில உரம் போட்டுச் சரிவருமா? சொல்லுங்க பாப்பம்."

நானா மறுபடி உட்கார்ந்தார்.

படமெடுக்கும் குழாய்க்குள் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும் என்றார்கள். அதற்கென்றே பிறந்தவர்போலக் கிடந்தார். வெளியே வந்ததும், "சத்தம் மட்டும்தான் தம்பி. மேல ஒரு குரும்பட்டிகூட இல்ல" என்றார்.

கழுத்தெலும்புகளுக்கிடையே பிதுங்கிய வட்டு, தண்டை நசுக்கியிருந்தது படத்தில் தெரிந்தது. நசுங்கிய இடத்தில் சேதத்தின் அடையாளமாக ஒரு வெள்ளைத் திட்டு. சத்திரசிகிச்சை மேலும் கெடாமல் தடுக்கும், போனதெல்லாம் திரும்புமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்."

"முந்தியும் விழுந்துட்டுத்தானே டாக்டர் இருந்தேன்" என்றார் நானா. அவரைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது கோலூன்றி நடக்கிறார், விழுவதில்லை. தலை பின்னால் சாயாது. தோட்டங்களுக்கு வேறு யாவாரிகள் போகிறார்கள். முகத்துக்கு நேரே பார்த்துப் பேசும் நானாவுக்கு எங்களில் பலர் இன்னும் பழகவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசல் தென்னைக்குக் கீழே என்னை நிறுத்தினார்.

"பாளை வெடிச்சிருக்கா பாருங்க தம்பி."

அண்ணாந்தேன்.

"இன்னும் சாயுங்க. இன்னும் கொஞ்சம்."

நான் பார்த்து முடிக்கும்வரை, விரல்கள் சரியாக மடங்காத அந்தக் கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பக்கத்தில் கான் இருந்தது.