முத்திரை மெத்தை

சயனபுரி என்ற நாட்டில் தூக்கம் அரசின் பொறுப்பு. அரசர் பரம்பரையாக வருவார். மந்திரிகளை மட்டும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி வந்த தூக்கத் துறை மந்திரிதான் கீர்த்திவாசர். அவர் கொட்டாவி விட்டால்கூட அரசிதழில் வெளியாகும்.

வீட்டில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தைகள் நாகரிகத்துக்கு இழுக்கு, அவற்றைக் கொளுத்திவிட வேண்டும் என்பது அவருடைய முதல் ஆணை. பதிலுக்கு அரண்மனை மெத்தை வீடு வீடாக வந்தது. அதைச் செய்து கொடுத்தவர் அரசரின் மைத்துனர். அது தற்செயல்தான் என்று அரசிதழே சொல்லிவிட்டதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. மெத்தையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணி முத்திரை. அதில் ‘இயற்கை’ என்று நூலால் அழகாகப் பின்னியிருந்தது.

தெற்குத் தெருப் பூங்கோதைக்கு மூன்று வயதில் ஒரு மகள், செம்பா. புது மெத்தையில் படுத்த அன்றே குழந்தைக்கு மூச்சு இழுத்தது. பசையும் பெயிண்டும் கலந்த மாதிரி அதில் ஒரு நெடி. தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் இழுப்பு அடங்கும், மெத்தையில் கிடத்தினால் மறுபடி தொடங்கும். பூங்கோதை பாயை விரித்துத் தரையில் படுக்க வைத்தாள். தெருவில் பலரும் அப்படியே செய்தார்கள். உடனே இரண்டாவது ஆணை வந்தது: அரசு மெத்தை இருக்கத் தரையில் படுப்பது அரசை அவமதிப்பதாகும். பாய்களைப் பறிமுதல் செய்தார்கள்.

பூங்கோதை குழந்தையோடு மந்திரி முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, புள்ள இதுல படுத்தா மூச்சு விட முடியாம தவிக்குது. உள்ள என்னதான் வச்சிருக்கீங்க?”

“முத்திரையைப் படித்தீர்களா அம்மா?”

“படிச்சேன். இயற்கைன்னு போட்டிருக்கு.”

“பிறகென்ன சந்தேகம்? தார்கூட இயற்கையில் கிடைப்பதுதானே. இருப்பினும் உங்கள் மனக்குறையை அரசு மதிக்கிறது. இன்னொரு முத்திரை சேர்க்க உத்தரவிடுகிறேன்.”

‘தூய’ என்று ஒரு முத்திரை வந்தது. அப்புறம் ‘பசுமை’ வந்தது, ‘பரிசோதிக்கப்பட்டது’ வந்தது. நெடி மட்டும் போகவில்லை. முத்திரைகளை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், தூங்க வேண்டிய நேரத்தில் ஜனங்கள் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தார்கள். மெத்தையை முகர்ந்து பார்ப்பது குற்றம் என்று ஓர் ஆணை. தையலைப் பிரிப்பது ராஜத்துரோகம் என்று இன்னொன்று. செம்பா இளைத்துக் குச்சியாகிவிட்டாள். பிள்ளை தங்குமோ தங்காதோ என்று பூங்கோதை இரவெல்லாம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மறுபடியும் போனாள். இந்த முறை மந்திரியின் பக்கத்தில் சோதனை அதிகாரியும் இருந்தார்.

“பரிசோதிச்சதுன்னு போட்டிருக்கே, எதைங்க பரிசோதிச்சீங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

அதிகாரி பொய் சொல்லிப் பழகாதவர். “முத்திரையைத்தான் அம்மா. மருந்து தெளிக்காமல் விளைந்த பருத்தி. சாயம் கிடையாது, பசை கிடையாது. இவ்வளவு சுத்தமான துணியை நான் பார்த்ததே இல்லை.”

“மெத்தைய?”

“அதற்கு எங்களுக்கு ஆணை வரவில்லை.”

பூங்கோதை மந்திரி பக்கம் திரும்பினாள். அவரைக் கும்பிட்டாள். “ஐயா, எனக்கு முத்திரை பத்தல. இன்னும் நாலஞ்சு மூட்டை வேணும்.”

மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. அரசின் மேல் இத்தனை விசுவாசத்தை அவர் சொந்த வீட்டில்கூடக் கண்டதில்லை. அன்றே ஆணை போட்டார்: மெத்தையில் முத்திரை இல்லாத இடமே இருக்கக் கூடாது, கேட்பவர்களுக்குக் கேட்ட அளவு வழங்க வேண்டும்.

பூங்கோதை கதவைச் சாத்திக்கொண்டு தையலைப் பிரித்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் நுரைக்கட்டி, தொட்டால் கையில் பிசுபிசுத்தது. அதைக் கொல்லையில் புதைத்தாள். உறையை வெந்நீரில் அலசிக் காயவைத்து, உள்ளே முத்திரைகளைத் திணித்து நிரப்பித் தைத்தாள். செம்பாவைப் படுக்க வைத்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். இழுப்பு இல்லை. குழந்தை புரண்டு படுத்து, வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கியது. பூங்கோதை பக்கத்திலேயே உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.

பிறகு ஒருநாள் மெத்தை ஆய்வாளர் வந்தார். தையலைத் தடவிப் பார்த்தார். பூங்கோதை செம்பாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவர் மெத்தையை அமுக்கினார், உட்கார்ந்தார், சோதனைக்காகக் கொஞ்சம் சாய்ந்தார். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

“ஆணைப்படி இதுலதான்மா முத்திரை இல்லாத இடமே இல்ல,” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. வாசல் வரை போனவர் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பேர் படுக்கறதுன்னா எத்தனை மூட்டை பிடிக்கும்?”

அதற்கப்புறம் முத்திரைக்கு வரிசை அரண்மனை வாசல் வரை நின்றது. இது தம் ஆட்சிக்குக் கிடைத்த நற்சான்று என்று கீர்த்திவாசர் அரசருக்கு எழுதினார். ஊரே தூங்கியது. நன்றாகத் தூங்கி எழுந்ததில் ஜனங்களுக்கு ஞாபகசக்தியும் திரும்பிவிட்டது. அதை யாரும் அரசருக்கு எழுதவில்லை.

தேர்தல் வந்தது. கீர்த்திவாசர் கும்பிட்டபடி தெற்குத் தெருவுக்குள் நுழைந்தார். கழுத்தில் மூன்று சால்வைகள்: ஒன்றில் ‘நேர்மை’, ஒன்றில் ‘எளிமை’, ஒன்றில் ‘மக்கள் தொண்டன்’. வாசலில் செம்பா இரைக்காமல் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்கள் பொன்னான ஓட்டு,” என்றார்.

பூங்கோதை ஒரு சால்வையின் நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“நல்ல பருத்திங்க,” என்றாள். “சால்வைய மட்டும் குடுத்துட்டுப் போங்க. புள்ளைக்கு ஒரு தலகாணி தைக்கணும்.”